சீர்க் கட்டிலின் நான்கு கால்கள்

1

"அந்தப் பாப்பாவுக்கு அப்பா இல்லையா?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் மகள் இனியா கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. கேட்டது டச்சு மொழியில். என் தங்கை தமயந்தியின் மகனுக்கு முந்தின நாள் ஒரு வயது நிறைந்திருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த படத்தைக் காட்டி, "இந்தப் பாப்பா பொறந்தப்ப நான்தான் தொட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. அப்பா உயிரோடு இருக்கும்போது மாமா எதற்காகப் படுக்கை வாங்கித் தர வேண்டும்?

நெதர்லாந்தில் தாயின் தம்பி, தந்தையின் அண்ணன், அத்தையின் கணவன் எல்லோருக்கும் ஒரே சொல்தான். தாய்மாமன் என்றால் யார் தெரியுமா, அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள் என்று விளக்கப் போனேன். "வலிக்காதா?" என்று கேட்டுவிட்டு, ரொட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருடம் என் மேலாளருக்கும் இது புரியவில்லை. சொந்தக் குழந்தை பிறந்தால் விடுப்பு உண்டு, பெற்றோர் இறந்தால் உண்டு, வீடு மாறினால்கூட உண்டு. தங்கைக்குக் குழந்தை பிறந்தால் ஒருவன் கண்டம் தாண்டிப் போவான் என்று இங்கே எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. "நீங்கள் மருத்துவரா?" என்று கேட்டார். இல்லை, மாமன் என்றேன். கடைசியில் வருடாந்திர விடுப்பைத்தான் கழித்துக்கொண்டார்கள். இங்கே யாருக்கும் புரியாத அந்தக் கதையை, புரியக்கூடிய உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புரிந்த பிறகு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள். எனக்குக் கவலையில்லை.

2

நாங்கள் திருச்சி கைலாசபுரத்துப் பிள்ளைகள். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. நாங்கள் பிறந்து வளர்ந்தது குவார்ட்டர்ஸில். அதில் ஒரு சங்கடம் உண்டு. அப்பா ஓய்வு பெற்ற அன்றே வீட்டுக்கும் நமக்கும் உறவு முடிந்துவிடும். நான் பரீட்சைக்குப் படித்த அறையில் இப்போது யாரோ ஒருவருடைய பையன் படித்துக்கொண்டிருப்பான். பிறகு அப்பா போனார். தமயந்தி கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அம்மாவும் போனார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடே இல்லாதவள் என்ன செய்வாள்? தமயந்தி புகுந்த வீட்டிலேயே இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. மாப்பிள்ளை ரகு அங்கேயே எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்றால் மட்டும் அவருக்குக் குரலே வராது.

"அண்ணா, தொட்டில் உன் பொறுப்புதான்" என்று அவள் போனில் சொன்னாள். "ஆனா வாங்கிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க." அத்தை என்றது மாமியாரை, எனக்குச் சம்பந்தியம்மா.

வாங்குவதற்கு எனக்கு அனுபவம் இருந்தது. என் பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். பிரசவம் ஆன வீட்டுக்கு ஒரு வாரம் தாதி வருவது இங்கே வழக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் வருவதற்கு முன்னாலேயே கடிதம் வந்தது: கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தி வையுங்கள், தாதி குனிந்தால் இடுப்பு வலிக்கும். பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருக்க, வந்து போகிறவர் இடுப்புக்காக நான் கட்டிலைத் தூக்க வேண்டுமாம். முணுமுணுத்துக்கொண்டே தூக்கினேன்.

வந்த தாதி முதலில், எங்கள் கட்டிலை ஒட்டி ஒரு பக்கம் திறந்து நின்ற தொட்டிலுக்குள்தான் எட்டிப் பார்த்தார். தலை உருண்டையாக வர வேண்டும் என்று என் மாமியார் பார்சலில் அனுப்பியிருந்த கடுகுத் தலையணை அதில் இருந்தது. இரண்டு விரலால் அதைத் தூக்கி ஜன்னல் ஓரம் வைத்தார். உள்ளே என்ன என்று கேட்டார். கடுகு என்பதற்கு எனக்குத் தெரிந்த டச்சுச் சொல், கடையில் பாட்டிலில் விற்கும் கடுகுச் சாஸின் பெயர். அதைச் சொன்னேன். குழந்தையின் தலைக்கு அடியில் சாஸா என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் உள்ளங்கையால் மெத்தையை அழுத்திப் பார்த்தார். அமுங்கக் கூடாது. எங்கள் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். இடுக்கு இருக்கக் கூடாது. தலையணை, ஓரங்களில் வைக்கும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றார். "உங்கள் அறையில், கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையில்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். இந்த நாட்டுக்காரர்கள் எனக்குச் சொன்ன புத்திமதிகளில் பாதியை இன்றுவரை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை மட்டும் போட்டுக்கொண்டேன். காரணம் எளிது. அந்த ஒரு பக்கம் திறந்த தொட்டில் இருந்ததால், என் மனைவி எழுந்து நடக்காமலே பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தாள். உதவிக்கு ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்காத வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவி என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

அதே மாதிரி ஒன்றைத்தான் தங்கைக்கும் வாங்கினேன். கட்டிலோடு ஒட்டி நிற்பது, பட்டையால் இறுக்கிக் கட்டுவது, உயரத்தை ஓரளவு ஏற்றி இறக்கக்கூடியது. வாங்கியதை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஏழு கடல் தாண்டி இருக்கும் சம்பந்தியம்மா கண்ணில் பட்டுவிடும் என்று நான் பயந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

3

குழந்தை ஆபரேஷனில்தான் பிறந்தது. நான் போய் இறங்கியபோது தமயந்தி வீட்டுக்கு வந்திருந்தாள்.

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் நீளமான அட்டைப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது? டிவியா?"

"தொட்டில் சார்."

"தொட்டிலா? ஏன், இங்க கிடைக்காதா?"

"தங்கச்சி பிள்ளைக்கு. மாமன் சீர்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப போங்க போங்க. லேட்டாப் போனா உங்களுக்குத்தான் மரியாதை இல்ல." கண்டம் தாண்டி வந்த எனக்கு, விளக்கம் கேட்காமல் விஷயத்தைப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

வீட்டில் ஆலம் சுற்றி உள்ளே விட்டார்கள். காபி குடித்த கையோடு பெட்டியைப் பிரித்து, கூடத்தில் உட்கார்ந்து திருகாணி முடுக்கி, தொட்டிலை நிமிர்த்தி நிறுத்தினேன். சம்பந்தியம்மா அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். விளிம்பில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தார்.

"தம்பி, தொட்டில்னு சொன்னீங்க. இது ஆடவே இல்லையே."

"ஆடாதுங்க அத்தை. கட்டிலோட சேத்துக் கட்டிடணும். பிள்ளை அம்மா பக்கத்துலயே இருக்கும்."

"பக்கத்துல எதுக்கு? ஆபரேஷன் ஆனவ தூங்க வேண்டாமா? அசதில ஒரு பக்கம் உருண்டுட்டா என்ன ஆகறது? நான் கூடத்துல தொட்டில் கட்டியிருக்கேன். மூணு பிள்ளைகளை அதுலதான் வளத்தேன். பசிச்சா கொண்டாந்து குடுப்பேன், குடிச்சதும் எடுத்துட்டுப் போயிடுவேன்."

கூடத்தில் உத்தரக் கொக்கியிலிருந்து புடவைத் தொட்டில் தொங்கியது. அதற்குள் கடுகுத் தலையணையும் இருந்தது, அவரே தைத்தது. கெட்ட எண்ணம் அதில் கடுகளவும் இல்லை. மருமகள் உருண்டுவிடுவாள் என்று பயந்ததிலும் நியாயம் உண்டு. அதனால்தான் தனிப் படுக்கை அத்தை, ஆனால் பக்கத்தில் என்றேன். ஆடாத தொட்டிலைப் பார்த்த கண் என்னை நம்ப மறுத்தது.

சரி, போட்டுக் காட்டினால் நம்புவார் என்று தொட்டிலைத் தமயந்தியின் அறைக்குத் தூக்கிப் போனேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கட்டில் எங்கள் வீட்டுச் சீர். அப்பா உயிரோடு இருந்தபோதே தேக்கு வாங்கி, குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்தே செய்யச் சொன்னது. அடியில் டிரங்குப் பெட்டி போக வேண்டும் என்று அவர் கால்களை உயரமாக வைக்கச் சொன்னார். கடைசல் பிடித்த கால்கள். நான் கொண்டுபோன தொட்டிலை முழுக்க உயர்த்தியும் கட்டிலைவிட நல்ல ஒரு சாண் கீழேயே நின்றது. அவள் படுத்தபடி கையை நீட்டினால் உள்ளே பிள்ளை எட்டாது, தையலோடு குனிந்து எடுக்கவும் முடியாது. நெதர்லாந்தில் மெத்தையை அழுத்திப் பார்த்தேன், இடுக்கு பார்த்தேன், கம்பி இடைவெளி பார்த்தேன். தங்கை எந்தக் கட்டிலில் படுக்கிறாள் என்று மட்டும் யோசிக்கவில்லை. எல்லாக் கட்டிலும் அந்த ஊர்க் கட்டில் மாதிரிதான் இருக்கும் என்று எனக்குள் எப்போது ஏறியதோ தெரியாது.  

மாப்பிள்ளை செங்கல் கொண்டு வந்தார். தொட்டில் காலுக்கு அடியில் வைத்தோம். கை பட்டதுமே ஆடியது.

"இப்ப ஆடுது பாருங்க தம்பி" என்றார் சம்பந்தியம்மா வாசற்படியில் நின்று. தமயந்திகூடச் சிரித்துவிட்டாள். சிரித்ததில் தையல் இழுத்து, உடனே முகத்தைச் சுளித்தாள்.

4

மறுநாள் நானும் மாப்பிள்ளையும் அவர் வண்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டித் தில்லை நகர் போனோம். அங்கே இல்லாததே இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது மட்டும் இல்லை.

முதல் கடையில் பேட்டரியில் தானே ஆடும் தொட்டில். பாட்டும் பாடுமாம். இரண்டாவது கடையில் சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை, அமுக்கினால் முழங்கை வரை உள்ளே போனது. "பிள்ளைக்கு மெத்துனு இருக்கணும்ல சார்" என்றார் கடைக்காரர். அதில் குழந்தை குப்புறத் திரும்பினால் மூக்கு புதைந்துவிடும் என்றேன். "எல்லாரும் வாங்கறாங்களே சார்" என்றார். இன்னொரு கடையில் சாய்வாகப் படுக்க வைப்பது இருந்தது. பால் எதுக்களிக்காதாம். தூங்கும் பச்சைப் பிள்ளையின் தலை அதில் முன்னால் மடிந்து தொங்கும் என்றேன். "நீங்க டாக்டரா சார்?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் பழகியிருந்தேன்.

கட்டிலோரம் ஒட்டி வைக்கும் தொட்டில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதுவும் தாழ்ந்த கட்டிலுக்குத்தான். கட்டுவதற்குப் பட்டையும் இல்லை. நடுவில் விழும் இடுக்கில் தலையணையைச் செருகிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்கள். பிள்ளை மாட்டிக்கொள்ளும் இடமே அந்த இடுக்குதான். அதை மறைப்பதற்குத் தலையணையாம்.

வெயிலில் வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.  மாப்பிள்ளை கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், அம்மா சொல்றதுக்கே விட்டுடலாமா? நீங்க ரெண்டு வாரத்துல போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. சொல்லிவிட்டு விமானம் ஏறுவது எனக்குச் சுலபம். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். பாலத்தில் நெரிசலில் நின்றபோது, விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

5

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது தமயந்தி கூடத்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில், மறு கை தையல்மேல். ரவிக்கை முன்பக்கம் முழுவதும் பாலில் நனைந்திருந்தது. புடவைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் கண்ணு அசந்துது. எழுப்பாத. நீ போய்ப் படு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

"பால் கட்டிக்கிச்சு அத்தை. வலி தாங்கல."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கம்மா."

தன் பிள்ளையைப் பார்க்கத் தன் வீட்டுக்குள்ளேயே வரிசையில் நிற்பவள்போல என் தங்கை நின்றாள்.  நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். மெதுவாக நடந்து போய், புடவையை விலக்கி, பிள்ளையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி எங்களிடம் கேட்டாள்:

"கடையில கிடைச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினோம்.

"தொட்டிலை ஏத்த முடியாதுன்னா கட்டிலை இறக்குங்க. காலை அறுத்துருங்க."

 சம்பந்தியம்மா கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார். "என்ன பேச்சு பேசற? தாய்வீட்டுச் சீர்க் கட்டில்ல ரம்பம் வைக்கறதா? பிள்ளை பெத்த வீட்ல? புருஷன் படுக்கிற கட்டில்மா அது."

"சீர் எனக்குத்தானே அத்தை குடுத்தாங்க. குடுத்தவங்க ரெண்டு பேரும் இப்ப இல்ல. இருந்திருந்தா நான் அங்க போயிருப்பேன், இந்தப் பேச்சே வந்திருக்காது. எனக்குன்னு இருக்கறது அந்தக் கட்டில் ஒண்ணுதான். அதுலயும் எனக்கு உரிமை இல்லையா?"

ஆசாரியை வரவழைத்தோம். திருவானைக்கோவில்காரர். கட்டிலைத் தடவிப் பார்த்து, "அருமையான தேக்கு சார்" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டார். "தீட்டு கழியாத வீட்ல, சீர்க் கட்டில்ல ரம்பம் வைக்க மாட்டேன் சார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. புதுக் கட்டில் வேணும்னா செஞ்சு தரேன், ஒரு மாசம் ஆகும்." காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம். அதற்குள் பிள்ளை கூடத்தில், தாய் அறையில் என்பதற்கு எல்லோரும் பழகிவிடுவார்கள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு தமயந்தியின் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் புது மர ரம்பம் இருந்தது. "மச்சான், அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலைக் கவிழ்த்தோம். சம்பந்தியம்மா சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தமயந்தி நாற்காலியில் பிள்ளையோடு உட்கார்ந்து, பென்சிலால் எங்கே கோடு போட வேண்டும் என்று சொன்னாள். "இன்னும் ரெண்டு விரக்கடை கீழண்ணா. சரியா தொட்டில் மட்டத்துக்கு வரணும்."

இருவருக்கும் தச்சு வேலை தெரியாது. தேக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. பாதிக் காலிலேயே என் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. அப்பா பார்த்திருந்தால் ரம்பத்தைப் பிடுங்கியிருப்பார், அறுப்பதைத் தடுக்க அல்ல, கோணலாக அறுப்பதைத் தடுக்க. நிமிர்த்திப் போட்டபோது ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. மறுபடி கவிழ்த்து மற்ற மூன்றையும் தேய்த்தோம். கடைசியில் மாப்பிள்ளை கடையிலிருந்து ரப்பர் வார் கொண்டு வந்து அடியில் ஒட்டியதும் கட்டில் அசையாமல் நின்றது.

தொட்டிலைக் கொண்டுவந்து ஒட்டினோம். பட்டையைக் கட்டிலின் மறுபக்கச் சட்டம் வரை கொண்டுபோய் இறுக்கினோம். இரண்டு மெத்தையும் ஒரே மட்டம். நான் உள்ளங்கையால் அழுத்தினேன், அமுங்கவில்லை. கொசுவலையைக் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் சேர்த்து வெளியே இழுத்துக் கட்டினோம், உள்ளே எதுவும் தொங்காமல். புடவைத் தொட்டிலில் இருந்த கடுகுத் தலையணையைத் தமயந்தி எடுத்துத் தன் தலைக்கு வைத்துக்கொண்டாள். "அத்தை தைச்சது, வீணாக்கக் கூடாது" என்றாள். அவளுடைய கிண்டல் திரும்பி வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

6

சாமி அறைக் கதவு சாயங்காலம்தான் திறந்தது. சம்பந்தியம்மா நேராகப் பிரசவித்தவளின் அறைக்கு வந்தார். தமயந்தி படுத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை மல்லாக்கத் தூங்கியது. அவள் எழாமல் நிமிராமல் நீட்டிய கை அதன் வயிற்றின்மேல் இருந்தது.

சம்பந்தியம்மா வலையை விலக்கினார். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. விரல் நுழையவில்லை. இன்னொரு இடத்தில் விட்டுப் பார்த்தார். அங்கேயும் நுழையவில்லை. அறுபட்ட கால்களைக் குனிந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"மூணு பெத்தேன். ஒண்ணைக்கூட ராத்திரி என் பக்கத்துல விடல, என் மாமியார்" என்றார். என்னிடம் சொன்னாரா, தமயந்தியிடமா, தெரியவில்லை. கொஞ்சம் கழித்துக் கேட்டார்: "நான் ராத்திரி வந்து பாக்கலாம்ல?"

"எப்ப வேணா வாங்க அத்தை. கதவைச் சாத்த மாட்டேன்" என்றாள் தமயந்தி. கையை மட்டும் எடுக்கவில்லை. "ஆனா பிள்ளை இங்கதான்."

உறவுக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாமன் வெளிநாட்டிலிருந்து வந்தானாம், தங்கைக்குத் தங்கத்தில் தொட்டில் போட்டானாக்கும் என்று பார்த்தால், அப்பன் கொடுத்த சீரை அறுத்துப் போட்டுவிட்டுப் போனானாம். ஆமாம், அறுத்தேன். அடுத்த பிரசவத்துக்கும் கூப்பிட்டால் ரம்பத்தோடுதான் வருவேன்.